முன்பின் அறியாதாரிடம் கரணப்புறா வாங்குதல்



பாடசாலை அதிபர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தால், பரீட்சையைப் பற்றியோ பெற்றோரின் கடமையைப் பற்றியோ பேசுவார் என்றே எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் பேச வந்தது புறா வாங்குவதைப் பற்றி. அதிலும், வானிற் பறந்துகொண்டிருக்கும்போதே பின்புறமாகக் குட்டிக்கரணம் போடுகின்ற கரணப்புறாவை, முன்பின் அறியாத ஒருவரிடம் வாங்குவதைப் பற்றி. சிறுவயதிலிருந்தே புறா வளர்ப்பவன் நான். ஆயினும் இதைப் பற்றிப் பேசவேண்டும் என்ற எண்ணம் ஒரு மாணவனால் வந்தது.

அவன் பத்தாந் தரத்திற் படிப்பவன். தந்தை இல்லை. விடியற்காலையில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்த 8000 ரூபாவை மடியிற் கட்டிக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் பேரூந்தில் சென்று, ஒரு சோடிச் சிவப்புக் கரணப்புறா வாங்கிவந்தான். விற்றவரை அவன் அதற்குமுன் கண்டதில்லை. கைத்தொலைபேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்தே போயிருக்கிறான். பத்து நாள் கூட்டில் வைத்துத் தீனி கொடுத்தான். பதினோராம் நாள் கூட்டைத் திறந்தான். பறவைகள் இரண்டும் எழுந்து ஒரு வட்டமிட்டன. பின்பு தெற்கே திரும்பிப் போயே போய்விட்டன. மறுநாள் என் அறை வாசலில் நின்று, "திறந்த கையோட போட்டுதுகள், சேர்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடன் நானும் போனேன். விற்றவரின் கூரை முகட்டிற் பல சிவப்புப் புறாக்கள் இருந்தன. அவற்றுள் இரண்டைச் சுட்டிக்காட்டி அவைதாம் தன்னுடையவை என்றான் பையன். "என்னட்ட இப்பிடிச் சிவப்பு இருபது நிக்குது, மாஸ்ரர். காலிலை என்ன இலக்கம் எண்டு கேளுங்கோ தம்பியை" என்றார் அவர். இலக்கத்தைப் பையன் குறித்து வைக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம். இரண்டு மணித்தியாலப் பயணத்தில் அவன் வாய் திறக்கவேயில்லை. அடுத்த இரண்டு நாளும் பாடசாலைக்கு வரவில்லை.

அந்த மனிதரைக் குறைகூற இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. குறை முதலில் எங்கே நேர்ந்தது என்பதையே சொல்ல விரும்புகிறேன். வளர்ந்த புறாவுக்கு அது முதன்முதற் பறந்து பழகிய கூடே வீடு. பத்து நாள் அல்ல, பல மாதம் அடைத்து வைத்தாலும், திறந்துவிட்டவுடன் அங்கேதான் போகும். எத்தனையோ கல் தொலைவிலிருந்து செய்தி கொண்டுவந்த தூதுப்புறாக்களுக்கு உதவியது இதே குணந்தான். ஆகவே பறந்து பழகிய பறவையை வாங்குகிறவன் அதைக் குஞ்சு பொரிப்பதற்கென்றே வாங்குகிறான். அது அவன் கூட்டில் ஆயுள் முழுதும் வலைக்குள்ளேயே இருக்கவேண்டும். பறக்கவிட விரும்புகிறவன், தாய் தந்தையரை விட்டுத் தானே இரை பொறுக்கத் தொடங்கிய நாலைந்து வாரக் குஞ்சையே வாங்கவேண்டும். அந்தக் குஞ்சு இன்னும் வானத்தைக் கண்டதில்லை. முதன்முதற் காண்பது உங்கள் கூரையாகவே இருக்கும். நேர்மையான வளர்ப்பாளர் இதைக் கேளாமலே சொல்லுவார். சொல்லாமல் ஒரு புதியவனிடம் பறந்த பறவையை விற்பவர், அறியாமையாற் செய்தாலும் அறிந்தே செய்தாலும், வாங்கியவனுக்கு விளையும் நட்டம் ஒன்றே.

இனி இப்பறவையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். கோபுரங்களிலும் மாடங்களிலும் குடியிருக்கும் மாடப்புறாவே வீட்டுப் புறாக்கள் அனைத்துக்கும் மூதாதை. பதினாறாம் நூற்றாண்டில் மொகலாயப் பேரரசர் அக்பரின் அரண்மனையில் 20,000க்கு மேற்பட்ட புறாக்கள் இருந்ததாகவும், அவற்றுள் 500 சிறப்புடையனவாகத் தெரிந்தெடுக்கப்பட்டனவாகவும் அபுல் பசல் தமது ஆயினி அக்பரி என்னும் நூலில் எழுதியிருக்கிறார். வானிற் சுழல்வதும் கரணமிடுவதுமான அவற்றின் வித்தைகளையும் அந்நூல் வருணிக்கிறது. சாள்ஸ் டார்வின் தமது கொள்கைக்குச் சான்று தேடி வீட்டிலே புறா வளர்த்ததும், இலண்டனிற் புறா வளர்ப்போர் கழகங்கள் இரண்டிற் சேர்ந்ததும் பலர் அறிந்தவை. 1868 இல் அவர் வெளியிட்ட நூலில் நிலத்திலேயே உருளுகின்ற இந்தியப் புறா ஒன்றைப் பற்றியும் விரிவாக எழுதினார். சென்னையிலே கர்ணப்புறா என்று பெயர் சொல்லி வளர்ப்போர் இன்றும் பலர்.

இன்று உலகெங்கும் ரோலர் என்று விலைபேசப்படுவது பெரும்பாலும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரையும் அதனைச் சூழ்ந்த சுரங்க, இரும்புத் தொழிற் பகுதிகளையும் சேர்ந்த தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய இனம். நாள் முழுதும் கரியிலும் புகையிலும் உழைத்த மனிதர் மாலையில் அண்ணாந்து பார்த்து மகிழ்ந்த பறவை அது. அவ்வளர்ப்பாளருள் ஒருவரான வில்லியம் பென்சம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கா சென்று குடியேறினார். அந்நாட்டு ரோலர் புறாக்களிற் பல அவர் அனுப்பியவற்றினதும் கொண்டுசென்றவற்றினதும் வழிவந்தவை. இப்பெயரை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. "இது பென்சம் வழி" என்று சொல்லி விலையை இரட்டிப்பாக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அவர் 1968 இற் காலமானார். அதன்பின் எத்தனை தலைமுறை கடந்துவிட்டது! ஒவ்வொரு தலைமுறையிலும் தெரிந்தெடுத்து இணைத்தவர் யார் என்பதே பொருட்டன்றி, மூல புருடரின் பெயர் பொருட்டன்று. எங்கள் ஊரிலும் பாட்டன் பெயரைச் சொல்லிப் பெண் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பையன் என்ன செய்கிறான் என்றுதான் பெண்வீட்டார் விசாரிப்பார்கள்.

நல்ல கரணம் என்பது என்ன? பறவை திடீரெனத் தலையைப் பின்னே சாய்த்து, இறகுகளை அடித்தபடி, பின்புறமாகத் தொடர்ந்து சுழன்று நேர்கோட்டிற் கீழே விழவேண்டும். சுழற்சியின் வேகத்தில் பறவையின் உருவம் மறைந்து, உருண்டு வரும் பந்துபோலத் தோன்றவேண்டும். பத்து அடி, இருபது அடி, முப்பது அடி இவ்வாறு விழுந்தபின் சட்டென நிமிர்ந்து, மேலெழுந்து, தன் கூட்டத்தைச் சேரவேண்டும். போட்டிகளிலே 15 முதல் 20 வரையான பறவைகளைக் கொண்ட கூட்டத்தை 20 நிமிடம் பறக்கவிட்டு, ஐந்துக்குக் குறையாத பறவைகள் ஒருங்கே கரணமிடும்போதே புள்ளி வழங்குவார்கள். தனியொரு பறவையின் திறமையைக் காட்டிலும் கூட்டமாகச் சேர்ந்து பறக்கும் பண்பு பெரிதாக மதிக்கப்படுகிறது.

இங்கேதான் வாங்குபவனின் இடர் தொடங்குகிறது. கரணமிடும் இயல்பு பரம்பரையால் வருவது, பழக்கி வருவதன்று. ஆயினும் நல்ல தந்தைக்கும் நல்ல தாய்க்கும் பிறந்த குஞ்சுகள் யாவும் நல்லனவாக அமைவதில்லை. சிலவற்றில் அவ்வியல்பு குன்றியிருக்கும். அவை ஒரு தடவை புரண்டுவிட்டுப் பறந்துபோகும். சிலவற்றில் மிகுந்திருக்கும், அவை நிறுத்தமாட்டாமல் உருண்டு வந்து கூரையிலோ நிலத்திலோ மோதி மடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையில் நிற்பவையே விரும்பப்படுபவை. அவை எவை என்பது குஞ்சுப் பருவத்தில் எவருக்கும் புலப்படாது. பெரும்பாலானவை மூன்று மாதத்திற்கும் ஆறு மாதத்திற்கும் இடையிலேதான் கரணமிடத் தொடங்கும். ஓராண்டு கடந்து தொடங்குபவையும் உண்டு. தொடங்கியது நிலைக்குமா, மிகுந்து கெடுமா என்று அறிய மேலும் ஓராண்டு வேண்டும். அதாவது, பறக்கவிடக்கூடிய வயதில் வாங்கினால் அதன் தரத்தைப் பார்க்க முடியாது; தரத்தைப் பார்க்கக்கூடிய வயதில் வாங்கினால் பறக்கவிட முடியாது. எனவே நாம் காசு கொடுத்து வாங்குவது பறவையையன்று. அதை வளர்த்தவருடைய கண்ணையும் கணக்கையும் வாய்மையையுமே வாங்குகிறோம். மாட்டுச்சந்தையிற் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவதுபோல இதை வாங்க இயலாது.

வளர்ப்பாளர் எதை விற்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு ஆண்டு பறக்கவிட்டு, மிகச் சிறந்தது எனக் கண்ட பறவையை அவர் ஏன் விற்கவேண்டும்? இடமின்மை, முதுமை, ஊர்மாற்றம் என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். காரணம் எதுவுமின்றி "என் முதல்தரச் சோடி" என்று ஒருவர் நீட்டினால், அது பெரும்பாலும் அவர் கழித்த பறவையாகவே இருக்கும். இதற்கு மாறாக, "இவ்வாண்டுக் குஞ்சுகளில் நான் வைத்துக்கொள்ளும் அதே சோடிகளின் பிள்ளைகள் இவை, எது தேறும் என்று எனக்கும் தெரியாது" என்று சொல்பவர், தமக்குள்ள இடரை உங்களோடு பகிர்ந்துகொள்கிறார். அவரை நம்பலாம் என்பது என் அனுபவம்.

முன்பின் அறியாதவரை ஒரே நாளில் அறிந்துகொள்வது எங்ஙனம்? முதலாவதாக, பணம் கொண்டு போகாதீர்கள். முதற் பயணம் பார்ப்பதற்கென்றே இருக்கட்டும். அவர் தம் கூட்டத்தைப் பறக்கவிடும் வேளையைக் கேட்டு அந்த வேளைக்குச் சென்று, நிலத்தில் நின்று உங்கள் கண்ணாற் பாருங்கள். கைத்தொலைபேசியிற் காட்டப்படும் படம் யாருடைய கூட்டம், எந்த ஆண்டிற் பிடித்தது என்று எவர் அறிவார்? பறக்கும்போது பிரிந்து பிரிந்து திரிகின்றனவா, ஒரு குடும்பம்போலச் சேர்ந்து நிற்கின்றனவா என்று நோக்குங்கள். கீழே வந்தவுடன் கூப்பிட்ட குரலுக்குக் கூட்டினுள் நுழைகின்றனவா என்றும் கவனியுங்கள். தீனியை அளந்து கொடுத்து, பசியையும் ஒழுங்கையும் பேணுகின்ற வளர்ப்பாளரின் பறவைகள் காத்திராமல் உள்ளே போகும்.

பின்பு பேச்சுக் கொடுங்கள். சென்ற ஆண்டு எத்தனை குஞ்சு பொரித்தன? இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன? உருண்டு விழுந்து மடிந்தவை எத்தனை? வல்லூறு கொண்டுபோனவை எத்தனை? குறிப்புப் புத்தகம் இருக்கிறதா? இவ்வினாக்களுக்கு "எல்லாம் நன்றாக வந்தன" என்று மறுமொழி சொல்பவரிடம் வாங்கவேண்டாம். கரணப்புறா வளர்ப்பில் இழப்பில்லாத ஆண்டு என்பது இல்லை. மடிந்ததை எண்ணிச் சொல்பவரே இருப்பதையும் எண்ணி வைத்திருப்பார்.

வல்லூறைப் பற்றிச் சொன்னேன். அதை அவர் எவ்வாறு சமாளிக்கிறார் என்றும் கேளுங்கள். 2007 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, ஓரிகன் முதலிய மாநிலங்களில் ரோலர் கழகங்களைச் சேர்ந்த சிலர், தம் புறாக்களைக் காக்கும் பொருட்டு வல்லூறுகளைக் கொன்றமைக்காக நீதிமன்றம் ஏறவேண்டி வந்தது. பறக்கும் நேரத்தை மாற்றுதல், சில வாரம் பறக்கவிடாது அடைத்து வைத்தல் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஒரு பறவையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு மற்றொன்றைப் பொறிவைத்துப் பிடிப்பவரின் வீட்டில் எனக்குத் தேநீர் அருந்தவும் மனம் வராது.

கூட்டின் நிலையை மூக்கே முதலில் அறியும். உலர்ந்த தளமும் காற்றோட்டமும் உள்ள கூட்டிற் கெட்ட வாடை வீசாது. பறவையைக் கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்திபோல் உறுத்தக்கூடாது. கண் நீர் வடியாமல் தெளிவாயிருக்கவேண்டும். அலகைத் திறந்து தொண்டையைப் பார்க்கத் தயங்காதீர்கள். அங்கே பாற்கட்டிபோன்ற மஞ்சள் நிறப் படிவு காணப்பட்டால், அது குடிநீரால் பரவுவதும் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குத் தொற்றுவதுமான ஒரு நோய். இறக்கை மூட்டு வீங்கியிருந்தால் அதுவும் நோயின் அறிகுறி. கழுத்து முறுக்கிக்கொள்வதும் இரையைக் குறிதவறிக் கொத்துவதும் ஒரு வைரசு நோயின் அடையாளங்கள். 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற் புறாக்களிடையே வேகமாகப் பரவியது அது. அதற்குத் தடுப்பூசி உண்டு. போட்டாரா, எப்போது போட்டார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. இறகுகளுக்குள் ஓடும் தட்டையான ஈ, புறாக்களிடையே மலேரியாவை ஒத்த ஒரு நோயைப் பரப்பும். எமது நாடு போன்ற வெப்ப நாடுகளில் அதைத் தேடிப் பார்க்கவேண்டும்.

சோடி என்று விற்கப்படுவது சோடிதானா என்பதிலும் கவனம் வேண்டும். புறாவில் ஆணையும் பெட்டையையும் தோற்றத்தால் உறுதியாகப் பிரித்தறிவது கடினம். இரண்டு பெட்டைகள் இணைந்து, கூடு கட்டி, இரண்டுக்குப் பதிலாக நான்கு முட்டை இட்டு, உரிய காலமெல்லாம் பொறுமையாக அடைகாப்பதுண்டு. பதினெட்டாம் நாளும் குஞ்சு வராது, வரவும் முடியாது. முப்பது வருடத்திற்கு முன் நானே இவ்வாறு ஏமாந்தேன். விற்றவர் ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தாய் தந்தையரை அவற்றின் குஞ்சுகளோடு கூட்டிலே கண்டு வாங்குவதே இதற்குப் பரிகாரம்.

இனிக் கால்வளையம். மூட்டில்லாத வளையத்தைக் குஞ்சு பிறந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் மாத்திரமே காலில் ஏற்றலாம். அதன்பின் பாதம் வளர்ந்துவிடும்; ஏற்றவும் முடியாது, வெட்டாமற் கழற்றவும் முடியாது. அதிலே ஆண்டும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். பறவையின் வயதுக்கு அதுவே சாட்சி. பிளவுபட்ட வளையத்தை எவரும் எப்போதும் மாட்டலாம்; அதை நம்பி வயதைச் சொல்ல முடியாது. வளையமே இல்லாத பறவை கெட்ட பறவை என்று நான் சொல்லமாட்டேன். எமது கிராமங்களில் நல்ல பறவைகள் பல வெறுங்காலோடு திரிகின்றன. ஆனால் வளையம் இருந்தால் அந்த இலக்கத்தை, விற்றவர் முன்னிலையில், அவர் கையொப்பத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நிறம், விலை, திகதி, தாய் தந்தையரின் இலக்கம், குஞ்சு பொரிக்காவிட்டால் மாற்றித் தருவாரா என்பவற்றையும் அதே தாளில் எழுதலாம். என் மாணவனிடம் அப்படியொரு தாள் இருந்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வேறுவிதமாக முடிந்திருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருவிக்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியின்றிப் பறவைகளை இந்நாட்டுக்குக் கொண்டுவர இயலாது. "அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி முற்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

வாங்கியாயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் செய்யும் தவறே பெரிய தவறாகிவிடுவதுண்டு. புதிய பறவைகளைப் பழைய கூட்டினுள் நேரே விடக்கூடாது. மூன்று நான்கு வாரம் தனியிடத்தில், தனிப் பாத்திரத்தில் வைத்துப் பேணவேண்டும். பழைய பறவைகளைக் கவனித்த பின்னரே புதியவற்றிடம் போகவேண்டும்; அங்கிருந்து கைகழுவாமல் திரும்பக்கூடாது. எச்சத்தை மிருக வைத்தியரிடம் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத புழுக்களும் கிருமிகளும் அவருடைய நுணுக்குக்காட்டியிற் புலப்படும். புறாக்களிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய சுவாச நோயும் உண்டு. கூட்டைச் சுத்தஞ் செய்யும்போது தூசி கிளம்பாமல் நீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது நல்லது. நன்றாயிருந்த இருபது பறவைகளில் ஒன்பதை, புதிதாய் வந்த ஒன்றினால் ஒரே மாதத்தில் நான் புதைத்திருக்கிறேன். அந்த ஒன்று வாங்கும்போது கண்ணுக்கு மிக அழகாயிருந்தது.

பையனின் கதையை முடிக்கவில்லை. சில மாதம் கழித்து எங்கள் பகுதியிலேயே ஒரு முதியவரிடம் அவனை அழைத்துப் போனேன். அவர் விற்க மறுத்துவிட்டார். "தம்பிக்கு இப்ப புறா வேணுமோ, கரணம் வேணுமோ?" என்று கேட்டார். பையன் விழித்தான். "ஆறு கிழமை வந்து பாரும். பிறகு கதைப்பம்" என்றார். அவன் ஆறு சனிக்கிழமையும் போனான். கூட்டைத் துப்புரவாக்கவும், தீனி அளக்கவும், குஞ்சின் காலில் வளையம் ஏற்றவும் அங்கே பழகினான். ஏழாவது கிழமை நான்கு குஞ்சுகளை, நான் அஞ்சியதிலும் மிகக் குறைந்த விலைக்கு, அவர் கொடுத்தார். இலக்கங்களைப் பையன் தன் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

அந்நான்கில் ஒன்றை வல்லூறு கொண்டுபோயிற்று. ஒன்று ஏழாம் மாதத்திற் கரணமிடத் தொடங்கியிருக்கிறது. இப்போதைக்குப் பத்தடி மட்டில். மற்ற இரண்டும் வெறுமனே பறந்து திரிகின்றன. அவற்றைக் கழித்துவிடலாமா என்று பையன் கேட்டதற்கு, அடுத்த வருடம் பார்ப்போம் என்று முதியவர் சொல்லியிருக்கிறார்.